லாரி வராத நாளுக்கு ஒரு பில்

கேஸ் போட்டிருக்கிறோம் என்று சொன்னால் "பில்டர் மேலயா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பில்டர் மேலும்தான். ஆனால் அசல் சண்டை, எங்கள் குடியிருப்பைப் பராமரிப்பதாகச் சொல்லி மாதாமாதம் பணம் வாங்கிய மெயின்டனன்ஸ் கம்பெனியோடு. உடனே அடுத்த கேள்வி வரும்: "அதுக்கு எதுக்குங்க கோர்ட்டு? பிடிக்கலைன்னா வேற கம்பெனியை மாத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். அப்படிச் சுலபமாக மாற்ற முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஏன் முடியவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சென்னை ஓஎம்ஆரில் நாவலூர் தாண்டி எங்கள் குடியிருப்பு. பில்டர் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதப் போவதில்லை. வழக்கு நடக்கிறது என்பது ஒரு காரணம். பெயரைச் சொன்னால் "ஓ, அவங்களா, அவங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள் என்பது இன்னொரு காரணம். இந்த ஏற்பாடு அநேகமாக உங்கள் குடியிருப்பிலும் இதேதான். பீரோவைத் திறந்து பத்திரக் கட்டை எடுத்துப் பாருங்கள்.

வீடு வாங்கும்போது ஒரு கட்டு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள் இல்லையா? பிரிக்கப்படாத மனைப் பங்குக்கான கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், பேங்க் காகிதங்கள், நடுவில் ஒரு மெயின்டனன்ஸ் ஒப்பந்தம். அதை யாரும் படிப்பதில்லை. சாவி எப்போது கிடைக்கும் என்ற யோசனையில் இருப்போம். எங்கள் ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும் இடையே என்று பார்த்தால், பில்டருக்கும் மெயின்டனன்ஸ் கம்பெனிக்கும். வீடு வாங்கிய நாம் கடைசிப் பக்கத்தில் மட்டும் வருகிறோம், 'மேற்படி நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுகிறேன்' என்று கையெழுத்துப் போடுவதற்கு. கட்டணத்தை உயர்த்தலாமா என்பதைப் பேசி முடிவெடுப்பவர்கள் அவர்கள் இருவர். கம்பெனியை நீக்கும் அதிகாரம் பில்டரிடம். அந்தக் கம்பெனியின் பதிவு அலுவலகம் பில்டர் ஆபீஸ் இருக்கும் அதே கட்டடத்தில், அதே மாடியில். இயக்குநர் பட்டியலை கம்பெனிகள் பதிவேட்டுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தோம். பில்டர் குடும்பத்து இனிஷியல் வரிசையாக நின்றது.

பணம் கட்டுவது நாம், ஒப்பந்தத்தில் இருப்பது அவர்கள். இந்த வழக்கு முழுக்க இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

இதில் புழங்கும் பணம் சின்னப் பணமும் இல்லை. கணக்குக்கு 300 வீடுகள், வீட்டுக்கு 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் வீட்டுக்கு மாதம் 4,800. குடியிருப்பு முழுவதற்கும் மாதம் 14 லட்சத்து 40 ஆயிரம். வருஷத்துக்கு ஒரு கோடியே 72 லட்சத்துக்கு மேல். இது தவிர சாவி கொடுக்கும்போதே கார்பஸ் ஃபண்ட் என்று ஒரு தொகை வாங்கியிருப்பார்கள். சதுர அடிக்கு 50 ரூபாய் என்றால் வீட்டுக்கு 60,000, மொத்தம் ஒரு கோடியே 80 லட்சம். லிஃப்ட் மாற்றுவது, முழுக் கட்டடத்துக்கும் பெயின்ட் அடிப்பது போன்ற பெரிய செலவுக்கான முதல் அது. சும்மா பேங்கில் 6 சதவீதத்துக்குப் போட்டு வைத்தாலே வருஷத்துக்கு பத்து லட்சத்துக்கு மேல் வட்டி வரும். அந்த வட்டி எங்கே என்று கேட்டால், பராமரிப்புச் செலவில் 'அட்ஜஸ்ட்' ஆகிவிட்டது என்பார்கள். எந்தச் செலவில்? "ஓவரால் எக்ஸ்பென்ஸ் மேடம்."

முதல் இரண்டு வருஷம் நாங்களும் அப்படியே விட்டோம். லிஃப்ட் நின்றால் திட்டுவோம். எஸ்டிபி எனும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நாற்றம் ஏ பிளாக் பால்கனிகளில் ஏறும்போது வாட்ஸப் குழுவில் நூறு மெசேஜ் போகும். ஃபெசிலிட்டி மேனேஜர் 'நோட்டட் சார்' என்று ஒன்று போடுவார். அத்தோடு முடிந்தது.

திருப்பம் தண்ணீரில் வந்தது. நம் ஊரில் எந்தக் கதையும் கடைசியில் தண்ணீரில்தானே வந்து நிற்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டபோது ஓஎம்ஆர் முழுக்க லாரித் தண்ணீரில் வாழ்ந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நல்ல மழை பெய்த வருஷங்களிலும் இந்தப் பக்கம் லாரி நிற்கவே இல்லை. எங்கள் மாதாந்திரச் செலவில் ஊழியர் சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவு தண்ணீர்தான்.

பி பிளாக்கில் ஓர் அங்கிள் இருக்கிறார். ஏஜி ஆபீஸில் ஆடிட்டில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்கு யார் மேலும் கோபம் கிடையாது, கணக்கு மேல் ஆசை மட்டும் உண்டு. கம்பெனியிடம் திரும்பத் திரும்ப எழுதிக் கேட்டு, ஒரு வருஷத்துச் செலவுப் பட்டியலை வாங்கிவிட்டார். வவுச்சர் இல்லை, வெறும் பட்டியல். அதில் டிசம்பர் மாதத் தண்ணீர்ப் பக்கத்தை என்னிடம் நீட்டி, "ஏம்மா, இந்தத் தேதியைப் பாரு" என்றார்.

2023 டிசம்பர் 4. ஏழு லோடு, ஒவ்வொன்றும் 12,000 லிட்டர்.

சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியைச் சொல்ல வேண்டியதில்லை. மிக்ஜாம் புயல் நாள். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் ஜனங்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். எங்கள் கேட் முன்னால் முழங்கால் தண்ணீர். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கார்கள் மிதந்துகொண்டிருந்தன, பம்பு வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஏழு லாரி தண்ணீர் உள்ளே வந்ததாம்.

அங்கிள் அதோடு விடவில்லை. கேட் ரிஜிஸ்டரைக் கேட்டார். செக்யூரிட்டி கூண்டில் நூலில் பேனா கட்டித் தொங்கும், அட்டை பிய்ந்த நீளமான நோட்டு. உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியின் நம்பர், வந்த நேரம், போன நேரம், டிரைவர் கையெழுத்து. பழைய நோட்டுகளைப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சிமென்ட் சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள். கம்பெனிக்கு அதன் அருமை தெரியவில்லை, தெரிந்திருந்தால் சாக்கு அங்கே இருந்திருக்காது. டிசம்பர் 4 பக்கத்தில் பால் வண்டிகூட இல்லை. இரவு ஷிஃப்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "லாரி வந்தா எழுதுவேன்மா. வராத லாரிக்கு நம்பர் எங்க போயி எடுக்கறது?"

அன்று ராத்திரியே நோட்டுகளை எல்லாம் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்தோம். ஒரிஜினலைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அங்கிள் தடுத்தார். நோட்டு அதன் இடத்தில் இருக்கட்டும், எடுத்தால் 'நீங்களே எழுதிக்கொண்டீர்கள்' என்பார்கள் என்றார். பிறகு வக்கீலும் அதையே சொன்னார். ரிஜிஸ்டரையும் பட்டியலையும் ஒப்பிட்டதில் மற்ற மாதங்களிலும் இடைவெளி தெரிந்தது. எவ்வளவு என்பது வழக்கில் இருப்பதால் இங்கே வேண்டாம். சம்ப்பில் தண்ணீர் விழும் குழாயில் ஒரு மீட்டர் வைத்திருந்தால் இத்தனை பாடே தேவையில்லை. உங்கள் குடியிருப்பில் இல்லையென்றால் முதலில் அதை வையுங்கள், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

கையில் ஆதாரம் கிடைத்ததும் எல்லாரும் ஒன்றாக நின்றோம் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. கம்பெனியோடு சண்டை போட்டதைவிட அதிக நேரம் எங்களுக்குள்தான் போட்டோம். வாடகைக்கு விட்டுவிட்டு நியூ ஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஓனர்கள் மெயிலுக்குப் பதில் போடவில்லை. விற்கும் யோசனையில் இருந்தவர்களுக்கு, கேஸ் என்றால் ரீசேல் விலை விழும் என்ற பயம். 'இரண்டு பக்கமும் தப்பு இருக்கும்' என்று பேசும் சமாதானப் புறாக்கள் எல்லா பிளாக்கிலும் உண்டு. வாட்ஸப்பில் அனல் பறக்கப் பேசியவர்களில் பாதிப் பேர் கையெழுத்துக்குக் கூப்பிட்டால் ஊரில் இல்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு கட்சி, "நாளையிலிருந்து ஒருத்தரும் மெயின்டனன்ஸ் கட்டாதீங்க, வழிக்கு வருவான்" என்றது. கைதட்டல் அதற்குத்தான் அதிகம். ஆனால் ரேரா என்று நாம் சொல்லும் 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 19(6) பிரிவு, பராமரிப்புக் கட்டணத்தில் தன் பங்கை உரிய நேரத்தில் கட்டுவது வீடு வாங்கியவரின் கடமை என்கிறது. கட்டாமல் நிறுத்தினால் முதல் தவறு நம்முடையதாகிவிடும், பேச்சு முழுக்க அவர்கள் கணக்கிலிருந்து நம் பாக்கிக்கு மாறிவிடும். மறுநாள் செக்யூரிட்டிக்குச் சம்பளம் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள், அதில் நம் வீட்டு நம்பர் இருக்கும். ஆகவே கட்டினோம், ஒவ்வொரு முறையும் 'கணக்கு குறித்த ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று ஒரு மெயிலோடு. இது பல பேருக்குக் கோழைத்தனமாகப் பட்டது. எனக்கு இன்றும் அதுதான் நாங்கள் எடுத்த சரியான முடிவு என்று தோன்றுகிறது.

இதற்கு நடுவில் இன்னொன்று தெரிய வந்தது. விற்காமல் பில்டர் கையில் இருந்த வீடுகளுக்கு மெயின்டனன்ஸ் யாருமே கட்டவில்லை. அந்தப் பங்கும் எங்கள் தலையில்தான் விழுந்திருந்தது. ஆனால் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் ஓட்டு மட்டும் அந்த வீடுகளுக்கும் உண்டு என்று பில்டரின் ஆள் வந்து உட்கார்ந்தார்.

சரி, யார் மேல், எங்கே, எந்த உரிமையில் போவது? இங்கேதான் பல குடியிருப்புகள் வழுக்கி விழுகின்றன. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரேரா ஆணையம் பில்டரைத்தான் பிடிக்கும். மெயின்டனன்ஸ் கம்பெனி அதன் கண்ணில் யாரோ ஒரு ஒப்பந்தக்காரர். ஆனால் பில்டர் மேல் கேட்க நிறைய இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பொறுப்பெடுக்கும் வரை அத்தியாவசிய சேவைகளை நியாயமான கட்டணத்தில் நடத்துவது பில்டரின் பொறுப்பு என்று 11(4) பிரிவு சொல்கிறது. பெரும்பாலான வீடுகள் புக் ஆன 3 மாதத்துக்குள் சங்கம் அமைய வழி செய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். பொது இடங்களையும் வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 17-ஆம் பிரிவு. 'இன்னும் எல்லா வீடும் விற்கவில்லை, அதனால் ஒப்படைக்கவில்லை' என்பது பில்டர்களின் நிரந்தரப் பல்லவி. சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆக, பில்டர் மேல் ரேராவில் ஒரு மனு: ஆவணங்கள், கார்பஸ், ஒப்படைப்பு.

கம்பெனி மேல் நுகர்வோர் ஆணையம். 'உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தமே இல்லை, நீங்கள் யார் கேட்க?' என்றுதான் அவர்கள் நோட்டீஸுக்குப் பதில் கொடுத்தார்கள். எதிர்பார்த்ததுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் யார் என்ற விளக்கம் இதற்காகவே எழுதியது போல இருக்கிறது. காசு கொடுத்து சேவையை அமர்த்தியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்த சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோர்தான். இங்கே காசு கொடுப்பதும் நாம், பயன் பெற வேண்டியவரும் நாம். அமர்த்தியது மட்டும்தான் பில்டர். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் என்று ஒரு ஷரத்து இருந்தது, நடுவரை பில்டரே நியமிப்பாராம். ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் மன்றம் போகத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே எமார் எம்ஜிஎஃப் வழக்கில் சொல்லிவிட்டது. ரேரா இருப்பதால் நுகர்வோர் மன்றக் கதவு மூடிவிடாது என்பது 2020-ல் இம்பீரியா வழக்குத் தீர்ப்பு.

அடுத்தது, மனுதாரர் யார்? 'சங்கம்தான், வேறு யார்' என்று எல்லாரும் சொன்னோம். வக்கீலம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் ஷோபா ஹிபிஸ்கஸ் என்ற குடியிருப்பின் சங்கம் பில்டர் மேல் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 பிப்ரவரியில் தீர்ப்பு. கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் கட்டாயப்படுத்துவதால் உருவான சங்கம், தானாக முன்வந்து சேரும் நுகர்வோர் அமைப்பு ஆகாது, அதனால் அது நுகர்வோர் மன்றத்தில் புகார்தாரராக வர முடியாது என்று முடிந்தது. குறை உண்மையா பொய்யா என்ற பேச்சே வரவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் சங்கம் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது, நிலைமை வேறு என்று வாதாடலாம். இங்கேயும் 1994 அடுக்குமாடிச் சட்டம் போய் 2022-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதை வைத்து எதிர்த்தரப்பும் வாதாடும். அந்த வாதத்திலேயே இரண்டு வருஷம் போகும். "எதுக்கு அந்த வம்பு? ஓனருங்க பேர்லயே போடுவோம்" என்றார்.

ஓனர்கள் சேர்ந்து போடுவதிலும் இரண்டு வகை. 'எங்களைப் போன்ற எல்லாருக்காகவும்' என்று போட்டால் அது பிரதிநிதித்துவ வழக்கு. ஆணையத்தின் அனுமதி வேண்டும், எல்லாருடைய பிரச்சினையும் ஒன்றுதான் என்று மனுவிலேயே காட்ட வேண்டும். பிரிகேட் நிறுவனத்தின் பெங்களூர் குடியிருப்பு வழக்கில் 1,134 வீடுகளில் 51 வீட்டுக்காரர்கள், ஆளாக எண்ணினால் 91 பேர், எல்லாருக்காகவும் என்று போயிருந்தார்கள். அதை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், வழக்கைத் தள்ளிவிடாமல், அந்த 91 பேரும் தங்களுக்காக மட்டும் கூட்டாகப் புகார் நடத்தலாம் என்றது. 2021 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பை எழுதியவர் நம்மூர்க்காரரான நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். நாங்கள் அந்த இரண்டாவது வழியை எடுத்தோம். கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் மனுதாரர்கள். வெளிநாட்டு மெயில்களுக்குக் காத்திருந்த வேலை ஒரே நாளில் முடிந்தது. போடாதவர்களுக்கு ஜெயித்தாலும் நேரடியாக நிவாரணம் இல்லை என்றதும் இன்னும் சிலர் ஓடி வந்து போட்டார்கள் என்பது தனிக் கதை.

நுகர்வோர் புகாருக்குக் கெடு 2 வருஷம். டிசம்பர் 2023 பில் எங்களுக்குப் பின்னாலிருந்து துரத்திக்கொண்டே இருந்தது. பேசிப் பார்க்கலாம், இன்னொரு மீட்டிங் போடலாம் என்று கம்பெனி இழுப்பது அந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான்.

எங்கே போடுவது என்பது சுலபம். முன்பெல்லாம் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் போட வேண்டும். 2019 சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எங்களுக்குச் செங்கல்பட்டு. சேவைக்குக் கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை, நிறைய பேர் கேட்பதால். சங்கம் தன் உறுப்பினரிடம் வாங்கும் மாதக் கட்டணம் 7,500 ரூபாய் வரை வரி கிடையாது. 9,000 வாங்கினால்? முழு 9,000-க்கும் 18 சதவீதம், அதாவது 1,620 என்று 2019-ல் சுற்றறிக்கை விட்டார்கள். கிரீன்வுட் ஓனர்ஸ் அசோசியேஷன் தொடர்ந்த வழக்கில் 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 7,500-க்கு மேலே உள்ள 1,500-க்கு மட்டும்தான் வரி, அதாவது 270 ரூபாய் என்றது. ஆனால் இந்தச் சலுகை சங்கத்துக்குத்தான். கம்பெனி நேரடியாக உங்கள் பெயரில் பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்து 18 சதவீதம். எங்களிடம் அப்படித்தான் வாங்கினார்கள். சங்கத்திடம் ஒப்படைக்காமல் இழுத்ததற்கு நாங்கள் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று.

லண்டனில் ஹாரோ பக்கம் ஃபிளாட் வாங்கியிருக்கும் பெரியம்மா மகளிடம் இதையெல்லாம் புலம்பினேன். "எங்க ஊர்லயும் இதே அக்கிரமம்தான்டீ, இங்க பேரு சர்வீஸ் சார்ஜ்" என்றாள் அக்கா. அங்கே மண்ணே இவர்களுடையது இல்லை, நீண்டகாலக் குத்தகைதான். ஆனால் 1985-ஆம் வருஷத்து வீட்டுரிமையாளர்–குத்தகைதாரர் சட்டத்தில் கணக்குச் சுருக்கம் கேட்கவும் ரசீதுகளை நேரில் பார்க்கவும் உரிமை உண்டு. கட்டணம் நியாயமானதா என்று தீர்மானிக்கவே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. 2002-ல் வந்த சட்டப்படி, குத்தகைதாரர்கள் ஒரு கம்பெனி பதிவு செய்து, குறைந்தது பாதி வீடுகள் அதில் சேர்ந்தால், நிர்வாகத்தின் மேல் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்காமலே பொறுப்பைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. 'வவுச்சரைக் காட்டு' என்று கேட்பதற்கு நாங்கள் இரண்டு இடத்தில் வழக்குப் போட வேண்டியிருந்தது.

செங்கல்பட்டு அனுபவம் சினிமா கோர்ட் மாதிரியெல்லாம் இல்லை. ஒரு ஹால், மின்விசிறிச் சத்தம், வரிசையாக அழைப்பு. வாஷிங் மெஷின் ரிப்பேர் கேஸ், இன்ஷூரன்ஸ் கேஸ், அடுத்து நாங்கள். முதல் தடவை நாங்கள் பத்துப் பேர் போனோம். எங்கள் முறை வந்து, நோட்டீஸ் அனுப்ப உத்தரவாகி, தேதி கொடுத்து, டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்று டி பிளாக் அம்மா வருத்தப்பட்டார். அடுத்த தடவையிலிருந்து கூட்டம் குறைந்துவிட்டது. நானும் அங்கிளும்தான் போகிறோம், அவருக்கு அந்த ஊர் மெஸ் ஒன்று பிடித்துப்போய்விட்டது.

கம்பெனி வக்கீல் பதிலுரைக்கு வாய்தா மேல் வாய்தா கேட்கும் உத்தேசத்தோடுதான் வந்தார். அங்கே ஒரு கதவு இறுக்கமாக இருக்கிறது. பதிலுரைக்கு 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020 மார்ச்சில் ஹில்லி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவாகச் சொல்லியிருக்கிறது. கெடு முடியும் தறுவாயில் அவசரமாக ஒரு பதிலுரை வந்தது. டிசம்பர் 4 லோடுகளைப் பற்றி அதில் எழுதியிருந்ததைப் படித்து அங்கிள் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். 'எழுத்துப் பிழை, வேறு தேதியில் வந்த லோடுகள்' என்கிறார்கள். எந்தத் தேதி என்று சொல்லவில்லை. எந்தத் தேதியைச் சொன்னாலும் ரிஜிஸ்டரில் அந்தப் பக்கம் இருக்கிறது என்பது இப்போது அவர்களுக்கும் தெரியும்.

ரேரா பக்கம் வேகமாக நகர்ந்தது. ஆவணங்களையும் கார்பஸையும் ஒப்படைக்க உத்தரவு வந்தது. அட்டைப்பெட்டிகளில் வந்தன: அங்கீகரித்த வரைபடம், லிஃப்ட் லைசென்ஸ், தீயணைப்புத் துறைச் சான்று, எஸ்டிபிக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, ஜெனரேட்டர் வாரன்டி அட்டை. வாரன்டி முடிந்து வெகு காலம் ஆகியிருந்தது. கார்பஸ் அசல் சங்கத்தின் கணக்குக்கு வந்துவிட்டது. வட்டி வரவில்லை, அதற்குத் தனியாக மனு போட்டிருக்கிறோம். பொறுப்பு கைக்கு வந்ததால் கம்பெனியின் ஒப்பந்தத்தைச் சங்கம் ரத்து செய்துவிட்டது. புது கம்பெனிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது இந்த முறை சங்கம். எழுபது பக்க டிராஃப்டை அங்கிள் சிவப்புப் பேனாவோடு படித்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் பழைய கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம். நுகர்வோர் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டால், மனுதாரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளத் தயாராம். மோசமான தொகை இல்லை. கூடவே ஒரு நிபந்தனை, கணக்கு வவுச்சர்களைத் தாக்கல் செய்யச் சொல்லி நாங்கள் போட்டிருக்கும் மனுவை முதலில் விலக்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். அவர்களைத் தப்பாக நினைக்கவில்லை, எல்லாருக்கும் வேலை வெட்டி இருக்கிறது, செங்கல்பட்டு தினமும் போய்வரும் தூரமும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் கூடி ஓட்டுப் போடுகிறோம். நான் எதிர்த்துத்தான் போடப் போகிறேன். முதலில் வவுச்சர்கள் வரட்டும், தொகையைப் பிறகு பேசலாம்.